கையால் செய்த காருக்கு நம்பர் கிடைக்குமா?

சனிக்கிழமை காலை. திருநள்ளாறு.

சனீஸ்வரன் சன்னதியில் நிற்கும் கூட்டத்தைச் சொல்லவேண்டியது இல்லை. கோவிலைச் சுற்றி நிற்கும் கார்களின் கூட்டமும் அதற்குக் குறைந்தது அல்ல. தமிழ்நாட்டு நம்பர், கர்நாடக நம்பர், ஆந்திர நம்பர், கேரள நம்பர்! அவற்றுக்கு நடுவே "பி.ஒய். 02" என்று தொடங்கும் நம்பர்களும் தெரியும். அவை உள்ளூர் வண்டிகள்.

"பி.ஒய்." என்றால் புதுச்சேரி. அதில் 01 என்பது புதுவை. 02 என்பது காரைக்கால். 03 மாகி. 04 ஏனாம்.

காரைக்கால் சிறிய ஊர். ஒரு பக்கம் வங்கக் கடல். மற்ற பக்கங்களில் எல்லாம் தமிழ்நாடு. வடக்கே பூவத்தில் நுழையும் கார், தெற்கே வாஞ்சூர் வழியாக வெளியே போக, முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் காரைக்காலுக்கு என்று தனி நம்பர் இருக்கிறது.

கம்பெனியில் செய்த காருக்கு அந்த நம்பர் சுலபமாகக் கிடைத்துவிடும்.

ஒருவர் தன் பட்டறையில், தன் கையாலேயே ஒரு கார் செய்தால்? அந்தக் காரை "மலிவாகக் கிடைக்கிறதே!" என்று இன்னொருவர் விலைக்கு வாங்கினால்? அதற்கு நம்பர் கிடைக்குமா? ரோட்டில் ஓட்டலாமா?

"வண்டியைப் பாருங்க அண்ணே, எப்படி இழுக்குது! நம்பர்தானே? அதை அப்புறம் வாங்கிக்கலாம்" என்று விற்பவர் சொல்லுவார்.

அந்த "அப்புறம்" வருமா, வராதா என்பதுதான் கேள்வி.

இதற்குப் பதில் தெரியவேண்டுமானால், கார் செய்த ஒரு தமிழரின் கதையை முதலில் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஓட்டல் சிப்பந்தி வாங்கிய மோட்டார் சைக்கிள்

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். 1893-ம் ஆண்டு அங்கே பிறந்தவர் ஜி.டி.நாயுடு.

சிறு வயதில், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளை அவர் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானே ஓடுகிறது! அதை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார்.

கையில் காசு இல்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தை மிச்சம் பிடித்தார். கடைசியில் அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கிவிட்டார்!

வாங்கியவர் ஓட்டுவதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார். மறுபடியும் பூட்டினார். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காத அவருக்கு, அந்த மோட்டார் சைக்கிளே பாடப்புத்தகம் ஆயிற்று.

1920-ம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் விட்டார். அந்த ஒரு பஸ், "யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்" என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1937-ம் ஆண்டில், முற்றிலும் இந்தியாவிலேயே தயாரான மின்சார மோட்டார் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு.

2 ஆயிரம் ரூபாய் கார்!

1952-ம் ஆண்டு அவர் ஒரு கார் செய்தார். இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார். அதன் விலை ரூ.2 ஆயிரம்தான் என்று சொல்லப்பட்டது.

ஆனால் அந்தக் கார் கடைக்கு வரவில்லை. தயாரிப்பதற்குச் சர்க்கார் லைசென்சு கொடுக்கவில்லை.

அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. 1951-ல் இயற்றப்பட்ட தொழில் சட்டத்தின்படி, கார் தொழிற்சாலை நடத்த மத்திய சர்க்காரின் லைசென்சு வேண்டும். வெளிநாட்டு உதிரி பாகங்களை இங்கே கொண்டுவந்து பூட்டி விற்றுக்கொண்டிருந்த பெரிய கம்பெனிகளுக்கே அப்போது நெருக்கடி ஏற்பட்டது. அமெரிக்காவின் "போர்டு", "ஜெனரல் மோட்டார்ஸ்" கம்பெனிகள் 1950-களின் நடுவில் இங்கே கடையைக் கட்டின.

மராட்டியத்திலும் இதே போன்ற கதை நடந்தது. இச்சல்கரஞ்சி என்ற ஊரில், சங்கரராவ் குல்கர்னி என்பவர் "மீரா" என்ற சிறிய காரைச் செய்தார். 1940-களில் தொடங்கி, 30 ஆண்டுகள் வரை அதைத் திருத்தித் திருத்தி அமைத்தார். அதுவும் தொழிற்சாலைத் தயாரிப்பாக வெளிவரவில்லை.

ஜி.டி.நாயுடு கேட்டது, கார்களைத் தயாரித்து விற்க லைசென்சு. இன்று பட்டறையில் ஒரே ஒரு கார் செய்கிறவர் கேட்பது, அதை ஓட்ட ஒரு நம்பர். இரண்டும் வேறு வேறு. ஆனால் பாடம் ஒன்றுதான்: கார் ஓடினால் மட்டும் போதாது. சட்டம் அதை ஏற்றுக்கொள்ளவேண்டும்.

பெட்டியில் வந்த கார்!

வீட்டிலேயே கார் செய்வதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள் இங்கிலாந்து நாட்டில். அங்கே இதற்குக் "கிட் கார்" என்று பெயர். "கிட்" என்றால் சாமான் மூட்டை. காரின் பாகங்கள் எல்லாம் தனித்தனியாக வரும். வாங்கியவர் பூட்டிக்கொள்ளவேண்டும்.

இந்தப் பழக்கம் பரவியதற்கு வரியும் ஒரு காரணம். முழுக் காருக்கு அங்கே அப்போது விற்பனை வரி அதிகம். பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. 1957-ல் வெளிவந்த "லோட்டஸ் செவன்" என்ற கார் இப்படித்தான் புகழ் பெற்றது.

இதில் ஒரு வேடிக்கையும் சொல்வார்கள். பூட்டும் முறையை அச்சிட்டுக் கொடுத்தால், வரி போடுவார்கள் என்று ஒரு பயம். ஆகவே, "கழற்றும் முறை" என்று அச்சிட்டுக் கொடுத்தார்களாம். வாங்கியவர் அதைக் கடைசியில் இருந்து தலைகீழாகப் படித்துக்கொள்ளவேண்டும்!

1973-ல் வரி முறை மாறியது. ஆனால் ஆசை மாறவில்லை. இன்றும் அங்கே வீட்டில் கார் செய்கிறார்கள். செய்த காரைச் சர்க்கார் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோகவேண்டும். பிரேக், விளக்கு, சீட் பெல்ட், புகை எல்லாவற்றையும் அதிகாரிகள் சோதிப்பார்கள். பாதசாரி மீது இடித்தால் குத்தக்கூடிய கூர்மையான விளிம்பு இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பார்கள்.

பாஸ் ஆனால் நம்பர். தவறினால், சரி செய்து மறுபடியும் வரவேண்டும். அதாவது, அங்கே ஒரே ஒரு காருக்கும் தனியாகப் பரீட்சை உண்டு.

நம் நாட்டில்?

பிறப்புச் சான்று எங்கே?

நம் நாட்டில் இப்போது இருப்பது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். 1989 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்தது. காரைக்காலுக்கும் இதுதான் சட்டம், நாகப்பட்டினத்துக்கும் இதுதான் சட்டம்.

இதன் 39-வது பிரிவு, பதிவு செய்யாத வண்டியை ஓட்டக்கூடாது என்று சொல்லுகிறது.

புதுக் காரைப் பதிவு செய்ய என்ன கேட்பார்கள்?

20-ம் நம்பர் படிவம்: இது விண்ணப்பம்.

21-ம் நம்பர் படிவம்: இது கார் விற்றவர் கொடுக்கும் சான்று.

22-ம் நம்பர் படிவம்: "இந்த வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது" என்று அதைச் செய்த கம்பெனி கொடுக்கும் சான்று.

இவற்றோடு இன்சூரன்சும் முகவரிச் சான்றும் வேண்டும்.

இதில் 22-ம் நம்பர் படிவத்தில்தான் பட்டறைக் கார் மாட்டிக்கொள்ளுகிறது. பட்டறைக்காரர் தம் இஷ்டப்படி அந்தச் சான்றைக் கொடுத்துவிட முடியாது. ஒரு கம்பெனி புது மாதிரிக் காரைச் செய்தால், முதலில் அந்த மாதிரியைச் சர்க்கார் அங்கீகரித்த நிலையத்தில் சோதனைக்குக் கொடுக்கவேண்டும். புனாவிலும், அரியானாவில் உள்ள மானேசரிலும் இத்தகைய நிலையங்கள் இருக்கின்றன. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலும் ஒன்று இருக்கிறது.

அங்கே பிரேக்கைச் சோதிப்பார்கள். புகையை அளப்பார்கள். விளக்கு, ஹாரன், கண்ணாடி, சீட் பெல்ட் ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டு. அந்த மாதிரி பாஸ் ஆனால், அதே அச்சில் செய்யும் ஆயிரக்கணக்கான கார்களுக்கு அது செல்லும்.

ஆயிரம் கார் செய்யும் கம்பெனிக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகும். ஒரே ஒரு கார் செய்கிறவருக்கு? காரின் விலையைவிடச் சோதனைச் செலவு பல மடங்கு ஆகிவிடும். இங்கிலாந்தில் இருப்பதுபோல, ஒரு காருக்கு ஒரு பரீட்சை என்ற எளிய வழி நம் நாட்டு விதிகளில் இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், பட்டறைக் கார் பிறப்புச் சான்று இல்லாத பிள்ளை. பிள்ளை நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுக்கிறார்கள்!

அப்படியானால் கரூர் பஸ்?

"கரூரில் பட்டறைகளில்தானே பஸ் கட்டுகிறார்கள்? திருச்செங்கோட்டில் லாரி கட்டவில்லையா? அவற்றுக்கு மட்டும் நம்பர் எப்படிக் கிடைக்கிறது?" என்று கேட்கலாம்.

நல்ல கேள்வி.

அந்தப் பஸ்சின் சேஸ் எனப்படும் அடிச்சட்டம், பெரிய கம்பெனியில் இருந்து வருகிறது. எஞ்சின், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் அதோடு சேர்ந்தே வருகின்றன. அந்த அடிச்சட்டத்தில் கம்பெனியே ஒரு நம்பரைப் பொறித்து இருக்கும். அதுதான் சேஸ் நம்பர். பச்சை குத்தியது போன்றது. அழியக்கூடாது, அழிக்கவும் கூடாது.

அதன் மேலே கூடு கட்டுவதுதான் கரூர் பட்டறையின் வேலை. அந்தக் கூட்டுக்கும் அளவு உண்டு, விதி உண்டு, தனிச் சான்று உண்டு.

அதாவது, அடிச்சட்டத்துக்கு ஒருவர் பொறுப்பு. கூட்டுக்கு ஒருவர் பொறுப்பு. பொறுப்பு ஏற்க ஆள் இருக்கிறது. ஆகவே நம்பர் கிடைக்கிறது.

மூன்று ஜீப், ஒரு புத்தகம்

இப்போது, பலர் ஏமாறும் இடத்துக்கு வருவோம்.

அரியானா மாநிலத்தில் மண்டி டப்வாலி என்ற ஊர் இருக்கிறது. பஞ்சாப் எல்லையை ஒட்டிய ஊர். பட்டறையில் ஜீப் கட்டுவதற்குப் பெயர் பெற்றது. பழைய ஜீப்புகளையும் உதிரி பாகங்களையும் வைத்துப் புது ஜீப் போலக் கட்டிக் கொடுப்பார்கள். பெரிய டயர், பளபளக்கும் பெயிண்டு, கேட்ட எஞ்சின்! பார்த்தவர்கள் மயங்கிப்போவார்கள்.

இப்படிக் கட்டிய ஜீப் எங்கே விற்பனைக்கு வந்தாலும், கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ஆர்.சி. புத்தகம் யாருடையது?"

அடிச்சட்டம் ஒரு ஜீப்பில் இருந்து வந்திருக்கும். எஞ்சின் இன்னொரு ஜீப்பில் இருந்து வந்திருக்கும். ஆர்.சி. புத்தகமோ, எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்ட மூன்றாவது ஜீப்புடையதாக இருக்கும்!

"நம்பர் இருக்கிறதே!" என்று வாங்குபவர் நினைப்பார். நம்பர் இருக்கிறது. அந்த நம்பருக்கு உரிய ஜீப்தான் இல்லை.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

"வண்டி என்னுடையது. அதை நான் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வேன்" என்று சொல்ல முடியாது.

சட்டத்தின் 52-வது பிரிவு இதைப்பற்றிச் சொல்லுகிறது. கம்பெனி முதலில் குறித்துக்கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரி 9-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்து தீர்ப்பு வழங்கியது.

கியாஸ், மின்சாரம் ஆகியவற்றுக்கு வண்டியை மாற்ற வழி உண்டு. ஆனால் அங்கீகாரம் பெற்ற சாமான்களைத்தான் பொருத்தவேண்டும். ஆர்.சி. புத்தகத்திலும் பதியவேண்டும்.

2019-ல் சட்டம் இன்னும் கடுமை ஆக்கப்பட்டது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைக்கும் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பதிவு இல்லாத வண்டியை ஓட்டினால், முதல் தடவையே ரூ.2 ஆயிரத்தில் இருந்து ரூ.5 ஆயிரம் வரை அபராதம் உண்டு.

கொல்லருக்குக் கிடைத்த புதுக் கார்

சட்டம் கடுமையாக இருக்கிறது என்பதற்காக, திறமை மதிக்கப்படாமல் போய்விடவில்லை.

மராட்டிய மாநிலம் சாங்லி மாவட்டத்தில் ஒரு கொல்லர். பழைய இரும்பையும் பழைய வண்டிகளின் பாகங்களையும் கொண்டு, மகனுக்காகச் சிறிய ஜீப் ஒன்று செய்தார். மோட்டார் சைக்கிளைப்போல, காலால் உதைத்து அதை ஸ்டார்ட் செய்யவேண்டும்!

2021 டிசம்பர் மாதம் அந்த ஜீப்பைப்பற்றித் தொழில் அதிபர் ஆனந்த் மகிந்திரா வெளியே சொன்னார். "இது விதிகளுக்கு உட்பட்டது அல்ல, அதிகாரிகள் எப்போதாவது தடுத்துவிடுவார்கள்" என்பதையும் அவரே குறிப்பிட்டார். அந்த ஜீப்புக்குப் பதிலாகப் புது "பொலிரோ" கார் தருவதாக அறிவித்தார். அடுத்த மாதமே கொடுத்தார்.

கொல்லரின் கைத்திறனுக்கு ஒரு கார் பரிசாகக் கிடைத்தது. ஆனால் அவருடைய ஜீப்புக்கு நம்பர் கிடைக்கவில்லை. இந்த வித்தியாசத்தை மறந்துவிடக்கூடாது.

மோதிவிட்டால்?

"ஏன் இவ்வளவு கெடுபிடி?" என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள்.

காரைக்கால் பாரதியார் வீதியில் மாலை நேரத்தில் நின்று பார்த்தால் காரணம் புரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைகள், மீன் கூடையோடு போகும் பெண்கள், சைக்கிளில் வரும் முதியவர்கள் எல்லோருக்கும் அது பொதுவான ரோடு. காரில் இருப்பவருக்கு அது ஆசை. ரோட்டில் நடப்பவருக்கு அது உயிர்.

பட்டறையில் பற்றவைத்த ஸ்டியரிங் ஒரு நாள் விட்டுப்போகலாம். வேகம் கூடும்போது பிரேக் பிடிக்காமல் போகலாம். ஒருவர் அடிபட்டால், நஷ்ட ஈடு யார் கொடுப்பது?

பதிவு செய்த வண்டிக்கு இன்சூரன்சு இருக்கும். அடிபட்டவர் குடும்பத்துக்கு இன்சூரன்சு கம்பெனி பணம் கொடுக்கும். இதற்காகவே, மூன்றாம் நபருக்கான இன்சூரன்சு கட்டாயம் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள்.

இன்சூரன்சு இல்லாத வண்டி மோதினால், முழுப் பணத்தையும் சொந்தக்காரரே கொடுக்கவேண்டும். வீடு, நிலம், நகை எல்லாம் போய்விடலாம். சொந்தக்காரரிடம் ஒன்றும் இல்லை என்றால், அடிபட்டவர் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும்.

மலிவாக வந்த கார், இரண்டு குடும்பங்களை அழித்துவிடும்!

பணம் கொடுக்குமுன்...

பழைய காரோ, கட்டிய ஜீப்போ, வாங்குமுன் கவனிக்கவேண்டியவை இவை:

முதலாவதாக, ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்க்கவேண்டும். அதில் உள்ள சேஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் இருக்கின்றனவா என்று ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடவேண்டும். நம்பர் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால், எழுத்துகள் தாளில் பதிந்துவிடும். எழுத்தைச் சுற்றி ராவிய அடையாளமோ, பற்றவைத்த அடையாளமோ இருந்தால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளவேண்டும்.

இரண்டாவதாக, புத்தகத்தில் வண்டி "கார்" என்று இருக்கிறதா, எத்தனை பேர் உட்காரலாம், என்ன எண்ணெயில் ஓடுவது என்று பார்க்கவேண்டும். புத்தகத்தில் பெட்ரோல், வண்டியில் டீசல் என்றால், பதியாத மாற்றம் நடந்திருக்கிறது என்று பொருள்.

மூன்றாவதாக, நம்பரைக் கொடுத்தால் வண்டியின் விவரம் காட்டும் வசதி "பரிவாகன்" என்ற சர்க்கார் இணையதளத்தில் இருக்கிறது. செல்போனிலேயே பார்க்கலாம். படிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னால், இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

நான்காவதாக, காரைக்கால்காரர்கள் கவனிக்கவேண்டியது. நாகப்பட்டினத்து "டி.என். 51" வண்டியும் மயிலாடுதுறை "டி.என். 82" வண்டியும் பக்கத்து ஊர் வண்டிகள்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவை வேறு மாநில வண்டிகள். அவற்றை வாங்கி இங்கேயே வைத்து ஓட்டுவதானால், பழைய ஊர் ஆபீசில் ஆட்சேபணை இல்லை என்ற சான்று வாங்கவேண்டும். அதற்கு 28-ம் நம்பர் படிவம். பெயர் மாற்ற 29, 30-ம் நம்பர் படிவங்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், புது நம்பர் வாங்கியே ஆகவேண்டும்.

ஐந்தாவதாக, ஆர்.சி. புத்தகமே இல்லாத வண்டிக்கு, "அப்புறம் நம்பர் வாங்கித் தருகிறேன்" என்று யார் சொன்னாலும், "நம்பரோடு கொண்டுவாருங்கள், பணத்தோடு வருகிறேன்" என்று சொல்லிவிடவேண்டும்.

தாத்தா காலத்துக் கார்

காரைக்கால் 1954 நவம்பர் 1-ந்தேதி வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். அந்தக் காலத்துக் கார் ஏதாவது ஒரு வீட்டுக் கொட்டகையில் கிடந்தால், அதை வைத்து என்ன செய்வது?

அதற்கு வழி இருக்கிறது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் "பழம்பெரும் வண்டி" என்று பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. நம்பரில் "வி.ஏ." என்ற எழுத்துகள் இருக்கும். புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் ரூ.20 ஆயிரம்.

ஆனால் அசல் உருவம் மாறாமல் இருக்கவேண்டும். கூட்டை வெட்டி ஒட்டி, எஞ்சினை மாற்றியிருந்தால் பலிக்காது. தினமும் கடைக்கும் ஆபீசுக்கும் ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான்!

ஓட்ட இடமே இல்லையா?

கையால் கார் செய்யும் ஆசை உள்ள இளைஞர்கள் மனம் தளரவேண்டியது இல்லை. அவர்களுக்கும் இடம் உண்டு. அது பந்தய மைதானம்.

சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், யுத்த காலத்து விமான மைதானம் ஒன்று இருந்தது. அங்கே பல ஆண்டுகள் கார் பந்தயம் நடந்தது. பட்டறையில் செய்த கார்கள் பல அங்கே சீறிப் பாய்ந்தன. அவற்றுக்கு நம்பர் பலகை தேவைப்படவில்லை.

கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவர்தன் என்ற பந்தய வீரர், மாருதி எஞ்சினைக் கொண்டு "பார்முலா மாருதி" என்ற பந்தயக் காரை உருவாக்கினார். குறைந்த செலவில் இளைஞர்கள் பந்தயம் ஓட்ட அது வழி செய்தது. 1995-ல் விமான விபத்தில் அவர் காலமானார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தய மைதானம் இன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

என்ஜினீயரிங் கல்லூரி மாணவர்கள் தாங்களே கார் செய்து போட்டி போடுகிறார்கள். அந்தக் கார்கள் ரோட்டுக்கு வருவது இல்லை. வேலி போட்ட இடத்தில் ஓடுகின்றன. அங்கே தவறு நேர்ந்தாலும், ரோட்டில் போகிறவருக்கு ஆபத்து இல்லை.

நம்பர் என்பது என்ன?

மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிய கோவை இளைஞரும், காலால் உதைத்து ஓட்டும் ஜீப் செய்த சாங்லி கொல்லரும், நம் ஊர்ப் பட்டறையில் பற்றவைக்கும் தொழிலாளியும் ஒரே சாதி. கைத்தொழில் சாதி. அவர்கள் கையை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் நம்பர் பலகை அந்தக் கைக்குக் கொடுக்கும் பட்டம் அல்ல. ரோட்டில் நடந்து போகிறவருக்குக் கொடுக்கும் வாக்கு. "இந்த வண்டி யாருடையது என்று தெரியும். இதன் பிரேக்கைச் சோதித்து இருக்கிறோம். இது உன் மீது மோதினால், பதில் சொல்ல ஆள் இருக்கிறது" என்ற வாக்கு அது.

திருநள்ளாற்றுக்கு வருகிறவர்கள் காரை நிறுத்திவிட்டு, நளன் குளத்தில் முழுகி, சனீஸ்வரனைக் கும்பிட்டு, "ஒரு கஷ்டமும் வரக்கூடாது" என்று வேண்டிக்கொள்கிறார்கள்.

வேண்டிக்கொள்ளவேண்டியதுதான். அதோடு, கார் வாங்கும்போது முதலில் காரைப் பார்க்காமல், நம்பரைப் பார்ப்பதும் நல்லது!